பேராசிரியர் யுவராஜின் மிதி எண்

சக்கரம் உருண்ட முதல் நாளிலிருந்து மனித குலம் ஏங்கிக்கிடந்த அற்புதம் நம் தலைமுறையில்தான் நிகழ்ந்தது. மனிதன் நினைக்கிறான், இயந்திரம் அக்கணமே செய்கிறது. நினைப்புக்கும் நடப்புக்கும் நடுவே இனி ஒரு மயிரிழைகூட இல்லை.

இந்த வாக்கியங்களைப் பேராசிரியர் யுவராஜ் காருக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்திருந்தது. அவர் மிதித்தும் விட்டார். கார் யோசித்துக்கொண்டிருந்தது. அது யோசித்து முடிப்பதற்குள் மறுபடி சிவப்பு விழுந்தது.

"இன்னிக்கு இது மூணாவது சிக்னல்," என்றாள் பக்கத்து இருக்கையிலிருந்த அவர் மனைவி கோகிலவாணி. குறை சொல்லும் குரலில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"எல்லாம் உன் காலால வந்த வினை," என்றார் யுவராஜ்.

பின்னாலிருந்து ஹாரன்கள் கேட்டன. பைக்கில் ஒருவர் பக்கவாட்டில் வந்து, கண்ணாடியைத் தட்டி, காரின் பின்பக்கத்தைக் காட்டி என்னவோ சொல்லிவிட்டு வளைந்து போனார். தன்னை அடையாளம் கண்டுகொண்ட வாசகர் என்று எண்ணி யுவராஜ் கையசைத்தார். சாலையில் அவருக்கு இப்படி நிறைய வாசகர்கள் இருந்தார்கள்.

யுவராஜ் எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்ததில்லை. 'முடிவுச் செம்மல்' என்ற பட்டம் மட்டும் முறைப்படி கிடைத்தது. திருப்பூரில் ஒரு நட்புக் கழக ஆண்டுவிழாவுக்கு அதை வாங்க வரவேண்டியவர் வராமல் போக, சால்வை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டிருந்தது. முகூர்த்தமில்லாத நாட்களில் கல்யாண மண்டபங்களை எடுத்து, 'அந்த நொடியே' என்று தான் எழுதிய புத்தகத்தின் பெயரிலேயே பயிற்சி முகாம் நடத்துவார். தயங்காமல் முடிவெடுப்பது எப்படி என்பதுதான் பாடம். "ஒரு காலை முன்னால் வைத்தவன் மறுகாலைப் பற்றி நினைக்கவே கூடாது" என்று அவர் சொல்லும்போது ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர்களும் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளும் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

அது மிதி எண் வருவதற்கு முந்தைய காலம்.

மிதி எண் நல்ல எண்ணத்தில்தான் வந்தது. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்கள் பெருகிப்போய், ஆடித் தள்ளுபடி நாளில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப்பிரிவு வரைக்கும் ஒரு கார் போய் நின்ற பிறகு, அரசாங்கம் குழு போட்டது. எல்லா வண்டியிலும் 'உளக்குறிப்பறி முடுக்கி' கட்டாயம் என்றது குழு. மக்கள் அதை மனசு பெடல் என்றார்கள். மிதிப்பவர் உண்மையிலேயே போக விரும்பித்தான் மிதிக்கிறாரா என்று அது கால்களின் போக்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். நம்பிக்கை வந்தால் உடனே நகரும். வராவிட்டால் பொறுத்துப் பார்க்கும். எவ்வளவு நம்புகிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று டேஷ்போர்டில் காட்டும்.

எண் என்று ஒன்று வந்துவிட்டால் அது டேஷ்போர்டோடு நிற்குமா? வங்கிகள் கேட்டன. வேலைக்கு எடுப்பவர்கள் கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, வாசலில் நின்ற காரை ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார்கள். ஜாதகம் பொருந்தி, மிதி எண் பொருந்தாமல் நின்ற கல்யாணங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கணக்கே இல்லை. எண் வண்டிக்குத்தானே ஒழிய ஆளுக்கில்லை என்று குழுவின் அறிக்கையில் தெளிவாக இருந்தது. அறிக்கையை யாரும் படிக்கவில்லை.

யுவராஜின் முகாமிலும் ஒருவர் எழுந்து கேட்டார். "சார், உங்க எண் என்னங்க?"

"மனிதனை எண்ணால் அளக்க முடியாது," என்றார் யுவராஜ். கைதட்டல் வந்தது. ஆனால் அடுத்த முகாமுக்குப் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர் காரின் எண் இருபத்தாறு.

அதே இருபத்தாறுதான் கோகிலவாணியையும் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். பள்ளிக்கூடம் மூடப்பட்ட பிறகு ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையில் டிரைவர் வேலைக்கு இரண்டு முறை போனாள். மேற்பார்வையாளர் அவள் வந்த காரை எட்டிப் பார்த்துவிட்டு, "அறுபதாவது வேணும்மா. நோயாளி காத்திருக்க மாட்டாரில்ல," என்றார்.

"அது எங்க வீட்டுக்காரர் ஓட்டற வண்டிங்க. நான் வேணா இப்பவே ஓட்டிக் காட்டறேனுங்களே."

"ஓட்டறதை எல்லாம் யாரும்மா பாத்துட்டு இருக்கறது, எண் இருக்கறப்ப?"

வரும் மாதம் அவளுக்கு நாற்பத்தெட்டு முடிகிறது. அதற்கு மேல் அவர்கள் எடுப்பதில்லை. இதை அவள் யுவராஜிடம் சொன்னபோது, "உன் காலால என் பேரும் கெட்டுப்போச்சு பாரு," என்றார். அவள் கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஆனாலும் அன்று இருவரும் ஒன்றாகக் கிளம்பி வந்ததற்குக் காரணம் இருந்தது. மனசு பெடல் தயாரிக்கும் கம்பெனி, தென்னகம் முழுவதற்கும் தன் விளம்பர முகமாக யுவராஜை நியமிக்க யோசித்தது. அவர் காரின் எண் என்னவென்று கம்பெனி இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்குள் ரீசெட் செய்துவிட வேண்டும்.

ரீசெட் செய்யும் இடம் ஒரு பேக்கரிக்குப் பின்னால் இருந்தது. 'டாக்டர் லாரன்ஸ், த்ராட்டில் சிறப்பு மருத்துவர்' என்று போர்டு. லாரன்ஸ் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் இருந்தது. பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கார்களைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க?" என்றார் லாரன்ஸ்.

"கொஞ்ச நாளா," என்றார் யுவராஜ்.

"வாங்கின நாளா," என்றாள் கோகிலவாணி.

லாரன்ஸ் பானெட்டைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எங்கேயோ வைத்துக் கேட்டார். "த்ராட்டில் கெட்டுப்போகலீங்க சார். அது கத்துக்கிச்சு."

"என்னத்தை?"

"உங்களைத்தானுங்க. இப்ப வீட்ல அப்பா, கடைக்குப் போயிட்டு வாடாங்கறார். பையன் கெளம்பறான். வேண்டாம் இருடாங்கறார். இப்படியே நாலு தடவை ஆச்சுன்னா, அஞ்சாவது தடவை பையன் செருப்பைப் போடமாட்டான். அப்பா மூஞ்சியைத்தான் பாப்பான். உங்க வண்டி உங்க மூஞ்சியைப் பாத்துட்டு நிக்குதுங்க."

"என் மூஞ்சி இல்லைங்க. இவளும் ஓட்டறா."

"யாரோ ஒருத்தர் மூஞ்சி," என்றார் லாரன்ஸ். தொழிலில் அவர் குடும்பச் சண்டைகளுக்குள் போவதில்லை. "ரீசெட் அடிச்சா பழசெல்லாம் மறந்துரும். ஆனா சட்டப்படி ஒரு வண்டிக்கு ஆயுசுக்கும் ஒரே ஒரு ரீசெட்தான். அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு ஈரச் சிமெண்ட் மாதிரி இருக்கும். எந்தக் கால் பட்டாலும் தடம் விழுந்துரும். பாத்து மிதிக்கோணும்." பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "பிரேக் பேடும் தேஞ்சு போச்சுங்க சார். போன தீபாவளிக்குத்தான மாத்தினோம்?"

"நீங்க போடற பேடு அந்த லட்சணம்."

"கம்பெனி பேடுங்க சார்."

"அப்ப கம்பெனி அந்த லட்சணம்."

லாரன்ஸ் வாதாடவில்லை. பேடு விற்றால் அவருக்கும் நல்லதுதான்.

ரீசெட் என்பது சாவியைத் திருப்பிவிட்டு, மிதியை யாரும் தொடாமல், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது. அதற்குத்தான் வெள்ளைக் கோட்டு. எண் அணைந்து, அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் தெரிந்தது. கார் எல்லாவற்றையும் மறந்திருந்தது. கோகிலவாணி அந்தக் கோட்டைச் சற்றுப் பொறாமையோடு பார்த்தாள்.

"கெளம்பலாங்களா?" என்றாள்.

"ராகு காலம் முடியட்டும்," என்றார் யுவராஜ். "புது வண்டி மாதிரிதான இது? பூஜை போடாம எப்படி?"

லாரன்ஸிடம் எலுமிச்சம்பழங்கள் தயாராக இருந்தன. தேங்காய், கற்பூரம், சந்தனம், எல்லாமே ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்தன. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனாலும் வாடிக்கையாளர் திருப்தி முக்கியம். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் ஒவ்வொன்றாக வைத்தார்.

"கத்துக்கப் போறது முதல் மிதிங்கறீங்க," என்றாள் கோகிலவாணி. "அதைப் போய் எலுமிச்சம்பழத்து மேலயா?"

"இந்தப் பக்கத்துல எல்லா வண்டியும் அப்படித்தான் கத்துக்குதுங்க அக்கா. கோயமுத்தூர் வண்டி மட்டும் ஏன் இப்படிப் பயந்து பயந்து கெளம்புதுன்னு ஜெர்மனியில இருந்து ஆராய்ச்சிக்கே வந்தாங்க. ரோட்டை அளந்தாங்க, பெட்ரோலைச் சோதிச்சாங்க, வெயிலைக் குறிச்சுட்டுப் போனாங்க."

"நீங்க சொல்லலீங்களா?"

"கேக்கலீங்களே. அவங்க கெளம்பறப்ப வாடகை வண்டிக்கு எலுமிச்சம்பழம்கூட வெச்சு ஏத்தி விட்டேன்."

நல்ல நேரம் வந்தது. யுவராஜ் கண்களை மூடித் திறந்து, மிதித்து, எடுத்து, மிதித்தார். முன்னால் நின்றவர்கள் "மெதுவா, மெதுவா" என்றார்கள். கார் எறும்பைப் போல் ஊர்ந்து நான்கு பழங்களையும் பதமாக நசுக்கியது. கோடு மறைந்து எண் வந்தது. பத்தொன்பது.

மூன்று நாள் யுவராஜே ஓட்டினார். பத்தொன்பது, பதினேழானது. கம்பெனியிலிருந்து யாழிசை என்ற பெண் அதிகாரி போன் செய்து, அடுத்த புதன்கிழமை அறிமுக விழா என்றும், மேடையில் அவர் காரையே வைத்து அவர் எண்ணைத் திரையில் காட்டப் போவதாகவும் சொன்னாள். யுவராஜ் அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் நெடுநேரம் நடந்தார். பிறகு லாரன்ஸைக் கூப்பிட்டார்.

"வீட்ல அக்காவும் ஓட்டுவாங்கதானே சார்?" என்று கேட்டார் லாரன்ஸ்.

ஒருவாரம் கோகிலவாணி ஓட்டினாள். "நீ கெடுத்ததை நீயே சரி பண்ணு," என்று சாவியைக் கொடுத்தார் யுவராஜ். கொடுத்தார் என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

உடுமலை வரைக்கும் போனாள். தாராபுரம் போனாள். அவளுக்கு அங்கெல்லாம் ஒரு வேலையும் இல்லை. முதல் நாள் கார் தயங்கியது. அவள் காலை எடுக்கவில்லை. மறுநாள் தயக்கம் குறைந்தது. வேன் ஓட்டிய கால் அது: பிள்ளைகள் ஏறியாகிவிட்டது, கதவைச் சாத்தியாகிவிட்டது, அப்புறம் போகவேண்டியதுதானே என்று பழகிய கால். வாரக் கடைசியில் அவள் மிதித்து முடிப்பதற்குள் கார் புறப்பட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்தாலே களைப்பாக இருந்தது அவளுக்கு, ஓட்டும்போது இல்லை. எண் எண்பத்தொன்று.

ஆம்புலன்ஸ் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். "வியாழக்கிழமை வண்டியைக் கொண்டாம்மா, எண்ணை எடுத்துக்கறோம். ஏதாவது ஒரு நாள் அறுபது இருந்தாப் போதும், எங்களுக்கு அந்த நாள் கணக்கு," என்றார் அவர்.

வியாழனுக்கு முந்தைய நாள் புதன்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு யுவராஜ் அவளை ஓட்டலுக்கு அழைத்துப் போனார். விழாவுக்கு முந்தைய நாள் மனதை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருடைய சொந்தப் புத்தகத்தில் இருந்தது.

"ரெண்டு இட்லி," என்றாள் கோகிலவாணி.

"எனக்கு மசால் தோசை. இல்ல, இரு. பொங்கல் இருக்கா?"

"ராத்திரியில பொங்கல் இல்லீங்க சார்," என்றார் சர்வர்.

"அப்ப தோசையே. மசால் வேண்டாம், ரவா."

கோகிலவாணி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க. நாளைக்கு மேடையில நானே மிதிக்கறேனே. நீங்க பக்கத்துல நின்னு பேசுங்க. நீங்க மிதிச்சு எண்ணு எறங்கிருச்சுன்னா வியாழக்கிழமை எனக்கு ஒண்ணும் மிஞ்சாது. அடுத்த மாசம் வயசு தாண்டிரும்."

"முடிவுச் செம்மல் நிக்கறது, பொண்டாட்டி ஓட்டறதா? என்ன பேசறே நீ?"

"அப்ப விழாவை ஒரு நாள் தள்ளச் சொல்லுங்க."

"தள்ளிப் போடாதேங்கறதுதான் என் கொள்கையே. ஒரு மிதிதானே, ஒண்ணும் ஆகாது. தம்பி, ரவா தோசை வேண்டாம். ஆனியன் ஊத்தப்பம்."

சர்வர் பேனாவை மூடினார். "உள்ள போய்ச் சொல்லியாச்சுங்க சார். முடிவா ஒண்ணு சொல்லுங்க."

கோகிலவாணி இட்லியைப் பிட்டாள். தான் வென்றுவிட்டதாக யுவராஜ் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, தலைக்குச் சாயம் பூசிய கையோடு யுவராஜ் வாடகை வண்டியில் அரங்கத்துக்குப் போனார். அவர் மிதித்து எண் கெட்டுவிடக் கூடாது என்பதால் காரைக் கோகிலவாணி ஓட்டி வருவதாக ஏற்பாடு. அவள் தாமதமாக வந்தாள்.

"எங்க போனே?"

"வழியில ஒரு வேலைங்க."

காரை மேடையில் ஏற்றி, முகம் கூட்டத்தைப் பார்க்கும்படி நிறுத்தினார்கள். முன்னால் ஒரு ரிப்பன். பின்பக்கம் கறுப்புத் திரைச்சீலைக்குள் இருந்தது. யுவராஜின் சட்டைக் காலரில் மைக் குத்தப்பட்டது. யாழிசை விளக்கினாள். "சார், நீங்க பேசி முடிச்சுட்டு மிதிக்கறீங்க, வண்டி ரிப்பனைக் கிழிக்கும், மியூசிக் வரும். அவ்வளவுதான். ரொம்ப சிம்பிள்."

அரங்கம் நிறைந்திருந்தது. பழைய சூப்பர்வைசர்களும் ஏஜெண்டுகளும் வந்திருந்தார்கள். திரையில் எண்பத்தொன்று ஒளிர்ந்தபோது கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. யுவராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, இத்தனை நாற்காலிகளில் ஆட்களைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"இடையில் இந்த வண்டி கொஞ்சம் தடுமாறியது," என்றார். "குடும்பத்தில் பல கால்கள். நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். ரீசெட் செய்தேன். என் காலை வைத்தேன். நண்பர்களே, நினைப்புக்கும் நடப்புக்கும் நடுவே இனி ஒரு மயிரிழைகூட இல்லை."

ஏறி உட்கார்ந்தார். ஆட்டோமேட்டிக் கியரை 'டி'யில் தட்டினார். மிதித்தார்.

கார் நகரவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது: ஓட்டுநரின் விருப்பம் உறுதியாகவில்லை. காத்திருக்கிறது.

இசைக்குழுவினர் தவறுதலாகத் தொடங்கிவிட்டு நிறுத்தினார்கள். யுவராஜ் காலை எடுத்து மறுபடி மிதித்தார். எழுபது. இன்னும் அழுத்தினார். இன்ஜின் லேசாக உறுமிவிட்டு அடங்கியது. ஐம்பத்தெட்டு. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். நாற்பத்தொன்று.

கோகிலவாணி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து காரின் ஜன்னல் வரை வந்தாள். யுவராஜின் முகத்தில் சாயம் கலந்து வேர்த்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவருக்கு முதல்முறையாக அந்த ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கோகிலா, உன்னோட எண்ணும் போகுதே," என்றார். காலர் மைக் அதை அரங்கம் முழுவதற்கும் சொன்னது.

"என்னுதைக் காலையிலயே ஆம்புலன்ஸ்காரர்கிட்டக் காட்டிட்டேனுங்க. ஒரு நாள் முன்னாடி வந்துட்டியேம்மான்னார், ஆனா எடுத்துக்கிட்டார். திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

"எப்ப முடிவு பண்ணே?"

"நேத்து ஓட்டல்ல. நீங்க ரவா தோசை வேண்டாம்னீங்கல்ல, அப்ப."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு இன்னும் சிலர். தனக்குத்தான் என்று யுவராஜ் நினைத்திருக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்தார். "சின்னத் தொழில்நுட்பக் கோளாறு," என்றார். "வழிவிடு கோகிலா. இப்ப பாரு."

அவள் நகர்ந்து காரின் பின்பக்கம் போய் நின்றாள். இத்தனை வருடமும் அவர் ஓட்டும்போது அவள் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பின்னாலிருந்து பார்த்ததில்லை. யுவராஜ் மூச்சை இழுத்துப் பிடித்து அடிவரை மிதித்தார். இன்ஜின் உறுமியது. பதினெட்டு. கார் அப்படியே நின்றது. பின்னால், இருட்டில், காரின் சிவப்பு விளக்குகள் இரண்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

அவருடைய இடது கால் பிரேக்கின்மேல் இருந்தது.